குட்டிகளோடு ஒரு நாள் கொச்சி வொண்டர்லா: கோவையிலிருந்து கிளம்பும் குடும்பத்துக்கு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டுப் படுக்கையறைக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் ஏறிக்கொண்டே போகின்றன. கொச்சி போனபோது பெரியவளுக்கு 6 வயது, 112 செ.மீ. சின்னவனுக்கு மூன்றரை, 95 செ.மீ. தீம் பார்க் பயணம் எங்களுக்கு அந்தக் கோட்டில்தான் தொடங்கும். வயதை அங்கே யாரும் கேட்பதில்லை, உயரம்தான் கணக்கு. 85 செ.மீ.க்குக் கீழே இருந்தால் டிக்கெட்டே எடுக்க வேண்டாம். 85 முதல் 140 வரை குழந்தை டிக்கெட். அதற்கு மேலே போனால், பையன் ஐந்தாம் வகுப்பே படித்தாலும் பெரியவர் டிக்கெட்தான்.

அளக்கும்போது செருப்பைக் கழற்றி, குதிகால் சுவரில் ஒட்ட நிறுத்தி, தலைமேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைப் படுக்க வைத்துக் கோடு போடுங்கள். எங்கள் பெரியவள் கோடு போடும் அந்த நொடியில் மட்டும் நுனிக்காலில் எம்புவாள். "எங்கண்ணு, குதிகாலைக் கீழ வையி" என்று அவளுடைய அமுச்சி, அதாவது என் அம்மா, முட்டியைப் பிடித்து அமுக்க வேண்டியிருக்கும்.

இந்த எண்ணை டிக்கெட்டுக்காக மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு ராட்டினத்துக்கும் தனி உயர வரம்பு உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு பார்க்கில், குட்டி ரயில் மாதிரி சாதுவாகத் தெரிந்த ஒன்றுக்காக முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். ஏறும் இடத்தில் அளவுகோல் வைத்தார்கள். மூன்று செ.மீ. குறைவு. வரிசை தொடங்கும் இடத்திலேயே பலகை இருந்தது, நாங்கள்தான் பார்க்கவில்லை. அவள் அழுத அழுகையில் அன்றைய நாளின் பாதி போய்விட்டது. அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே ஒரு விதி: வரிசையில் நிற்கும் முன் பலகையைப் படி.

இன்னொன்றும் செய்கிறோம். முந்தின நாளே பார்க்கின் இணையதளத்தில் படங்களைக் காட்டி, "இது உனக்கு, இது இன்னும் இரண்டு வருடம் கழித்து" என்று சொல்லிவிடுவோம். வீட்டில் கேட்ட 'இல்லை'யைப் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். ராட்டினத்தின் வாசலில் கேட்கும் 'இல்லை'யைப் பொறுக்கவே மாட்டார்கள்.

கொச்சி ஏன்?

கோவைக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர் பக்கத்திலேயே இருக்கிறது. சென்னைக்கு அருகே திருப்போரூர் பக்கம் 2025 டிசம்பரில் வொண்டர்லா புதிதாகத் திறந்திருக்கிறது. பெங்களூருக்கு வெளியே பிடதியில் 2005 முதல் ஒன்று உண்டு. ஆனாலும் சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் தேர்வு செய்வது கொச்சியைத்தான். ரயிலில் போகலாம், இரவு தங்கலாம், மறுநாள் பிள்ளைகளுக்குக் காட்ட வேறு விஷயங்களும் அந்த ஊரில் இருக்கின்றன.

வொண்டர்லாக்களில் இதுதான் மூத்தது. வி-கார்ட் நிறுவனத்தைத் தொடங்கிய கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி, காக்கநாட்டுக்கு அப்பால் பள்ளிக்கரையில் 2000-ல் இதைத் திறந்தபோது பெயர் வீகாலாண்ட். அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் இன்னும் அந்தப் பெயரையே சொல்வார்கள். ஆட்டோக்காரர் "வீகாலாண்டோ?" என்று கேட்டால் குழம்ப வேண்டாம், தலையாட்டுங்கள்.

இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை மட்டும்தான் வீட்டில் என்றால், என்னைக் கேட்டால் போகவே வேண்டாம். அந்த வயதுக்கு நம்ம வ.உ.சி. பூங்காவின் சறுக்குமரமே போதும். மூன்றிலிருந்து ஏழு வரைதான் இந்த வழிகாட்டி. அதற்கு மேல் பிள்ளைகளே உங்களுக்கு வழி காட்டுவார்கள்.

நாள் குறிப்பது

சனி, ஞாயிறு, அரசு விடுமுறை ஆகிய மூன்றையும் முதலில் அடித்துவிடுங்கள். அன்றைக்கு டிக்கெட் விலையும் கூடுதல், கூட்டமும் கூடுதல்.

மீதியைக் கேரளக் காலண்டரை வைத்துப் பாருங்கள். அங்கே ஓணத்துக்குப் பள்ளிகள் பத்து நாள் போல மூடும், கிறிஸ்துமஸுக்கும் அப்படியே. ஏப்ரல், மே அவர்களுக்கும் கோடை விடுமுறைதான். நம் பிள்ளைகளின் காலாண்டு விடுமுறை மட்டும் அங்கே விடுமுறை இல்லாத காலத்தில் வரும். நவராத்திரிக் கடைசி நாட்கள் அதில் விழுந்தால் அவற்றைத் தவிர்த்துவிட்டு, செவ்வாய் அல்லது புதன்கிழமை போங்கள். பொங்கல் விடுமுறையிலும் எர்ணாகுளத்துப் பள்ளிகள் நடக்குமே என்று கணக்குப் போட்டு நாங்கள் ஒருமுறை போனோம். வரிசை முழுக்கக் கோயமுத்தூரும் ஈரோடும்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வார நாட்களில் பள்ளிச் சுற்றுலாப் பேருந்துகள் வரும். அதற்குப் பயப்பட வேண்டாம். அந்தப் பிள்ளைகள் பெரிய ராட்டினங்களுக்கும் அலைக்குளத்துக்கும் ஓடுவார்கள். குட்டிகள் பகுதி அப்படியேதான் இருக்கும்.

மழையை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேரளத்தில் ஜூன் முதல் தேதி தென்மேற்குப் பருவமழையின் வழக்கமான வரவு நாள். ஜூன், ஜூலையில் நாள் முழுக்கப் பெய்தாலும் பெய்யும். அக்டோபர், நவம்பரில் வருவதோ வேறு மாதிரி: அவர்கள் துலாவர்ஷம் என்பார்கள். காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் இடியோடு இறங்கும். மின்னல் இருந்தால் உயரமான ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள், தண்ணீரிலிருந்தும் ஏற்றிவிடுவார்கள். அந்த மாதங்களில் போனால் திறந்தவெளியில் செய்ய வேண்டியதையெல்லாம் மதியம் இரண்டுக்குள் முடித்துவிடுங்கள்.

கிளம்பும் முன் அன்று ஹர்த்தால் ஏதும் இல்லையே என்று மலையாளச் செய்தியை ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது. கோவைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

டிக்கெட்டை இணையத்திலேயே எடுங்கள், சலுகை இருக்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் கட்டணம் குறைவு, அதற்கு அடையாள அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும். கூடுதல் பணம் கட்டி வரிசையைத் தாண்டிப் போகும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட் குட்டிகளோடு வருபவர்களுக்குத் தண்டம். பெரிய ராட்டினங்களில்தான் அதற்கு வேலை. குடை ராட்டினத்துக்கும் குட்டிக் காருக்கும் வரிசை தானாகவே சீக்கிரம் நகரும்.

முதல் நாளே போய்ச் சேருங்கள்

காலை நான்கு மணிக்குக் கோவையில் கிளம்பி, நாளைப் பார்க்கில் கழித்து, இரவு பன்னிரண்டுக்கு வீடு திரும்பும் வீரர்கள் உண்டு. கல்லூரிப் பசங்களுக்கு அது சரி. மூன்று வயதுக் குழந்தையை அப்படித் தூக்கிக்கொண்டு போனால், பதினொரு மணிக்குக் கதவு திறக்கும்போதே அது தூக்கம் கெட்டுச் சிணுங்கிக்கொண்டிருக்கும்.

ரயில் என்றால் அலுவாவில் இறங்குங்கள். கோவையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல் ஆகும். அங்கிருந்து பார்க் சுமார் 15 கி.மீ. காரில் என்றால் வாளையார், பாலக்காடு, திருச்சூர், சாலக்குடி, அங்கமாலி என்று தேசிய நெடுஞ்சாலை 544. எப்படியும் நான்கு, ஐந்து மணி நேரத்தை ஒதுக்குங்கள். திருச்சூருக்கும் அங்கமாலிக்கும் நடுவே நெரிசல் சகஜம். வழியில் பிள்ளைகளுக்கான பெரிய வேடிக்கை குதிரான் சுரங்கப்பாதை. கேரளத்தின் முதல் சாலைச் சுரங்கம். முதல் குழாய் 2021 ஜூலை 31-ல் திறந்தது. ஏறத்தாழ ஒரு கி.மீ. மலைக்கு உள்ளே. "இப்ப மலையோட வயித்துக்குள்ள போறோம்" என்று சொல்லி வைத்திருந்தேன். வெளியே வந்ததும் சின்னவன் கேட்டான்: "மலை நம்மளத் துப்பிருச்சா?"

இரவு தங்க அலுவாவிலோ காக்கநாட்டிலோ அறை எடுத்தால் காலையில் அவசரம் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சாதாரண ஹோட்டல் ஒன்றில் உட்கார்ந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைப்பார்கள். பதிமுகம் என்ற மரச்சீவலைப் போட்டுக் காய்ச்சியது. நம் பிள்ளைகள் ரோஸ் மில்க் என்று நினைத்து வாயில் வைத்துவிட்டு முகத்தைப் பார்ப்பார்கள். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கு எந்த ஊர்த் தண்ணீரும் கொஞ்சம் குறைதான், ஆனால் காய்ச்சிய தண்ணீர் என்பதால் நான் இதையே பாட்டிலில் பிடித்துக்கொள்வேன்.

பையில் என்ன?

முதலும் முக்கியமும் துணி. தண்ணீரில் இறங்க நைலான் அல்லது அதைப் போன்ற செயற்கை இழைத் துணிதான் வேண்டும். பருத்திக்கு அனுமதி இல்லை. திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு "காட்டன் கூடாது" என்று கேட்பது ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். காரணம் உண்டு: பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துப்போகும், அதிலிருந்து உதிரும் பஞ்சிழை வடிகட்டியை அடைக்கும், சறுக்கில் வழுக்காமல் பிடித்துக்கொள்ளும். அங்கே கடையிலும் நைலான் உடை கிடைக்கும், ஆனால் ஐந்து பேருக்கு அங்கே வாங்கினால் பர்ஸ் இளைத்துவிடும். திருப்பூர் காதர்பேட்டையிலேயே விளையாட்டு டி-ஷர்ட்டும் லெகிங்ஸும் மலிவாகக் கிடைக்கும். பிள்ளைகளுக்கு முழுக்கை எடுங்கள், வெயிலுக்கும் காப்பு.

சேலை, வேட்டி, துப்பட்டா எதுவும் தண்ணீருக்குள் போகாது. இதை வீட்டுப் பெரியவர்களிடம் பக்குவமாக முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் அம்மாவிடம் டி-ஷர்ட்டை நீட்டியபோது, "ஏங்கண்ணு, இந்தப் பசங்க பனியனப் போட்டுக்கிட்டு நான் நாலு பேருக்கு முன்னால நிக்கோணுமா?" என்றார். தொளதொளவென்று, முட்டிவரை வரும் கருநீல நைலான் குர்தா ஒன்றும் லெகிங்ஸும் வாங்கித் தந்த பிறகுதான் சம்மதித்தார்.

டயபர் கட்டும் குழந்தை இருந்தால் ஸ்விம் டயபர் தனியாக வாங்குங்கள். சாதா டயபருக்குள் இருப்பது தண்ணீரை உறிஞ்சி உப்பும் ஜெல் பொடி. குளத்தில் இறங்கிய இரண்டாவது நிமிடம் அது சுரைக்குடுக்கை போல ஆகி, கிழிந்தால் தண்ணீரெல்லாம் வழுவழுவென்று மிதக்கும். ஸ்விம் டயபர் அப்படி உப்பாது. ஆனால் அது மலத்தை மட்டும்தான் தடுக்கும், சிறுநீரைத் தாங்காது. அதனால் தண்ணீரில் இறங்குவதற்குச் சற்று முன்புதான் மாட்ட வேண்டும். காரிலேயே மாட்டிவிட்டு உட்கார வைத்தால் இருக்கை நனையும். எங்களுக்கு நனைந்தது.

மற்றவை: ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத்துணி, மெல்லிய துண்டு, தொப்பி, சன்ஸ்கிரீன், பின்னால் பட்டை வைத்த ரப்பர் செருப்பு, ஈரத்துணிக்கு நெகிழிப் பை, போனுக்கு நீர்புகா உறை, நான்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம், வழக்கமாகக் கொடுக்கும் காய்ச்சல் மருந்து. ஓ.ஆர்.எஸ். பெரிய பொட்டலம் ஒன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர். பாட்டில் சின்னது என்று பாதித் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கொட்டாதீர்கள். தள்ளுவண்டி இருந்தால் கட்டாயம் எடுத்துப் போங்கள். பார்க் குன்றின் மேல் இருக்கிறது, பாதை மேடும் இறக்கமுமாகத்தான் போகும். மூன்றரை வயதுப் பையனுக்குத் தள்ளுவண்டியா என்று காலையில் சிரித்தவர்கள் மதியம் அவனைத் தோளில் சுமந்துகொண்டு நம் வண்டியைப் பார்ப்பார்கள்.

தங்க நகை வேண்டவே வேண்டாம். கொலுசு, அரைஞாண் கொடி, காதுத் தோடு எல்லாமே தண்ணீரில் தொலைவதற்கென்றே இருப்பவை. கொலுசு சறுக்கில் மாட்டிக்கொள்ளவும் கூடும்.

உள்ளே நுழைந்ததும்

பத்தரைக்கு வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் எல்லோரும் கண்ணில் படும் முதல் ராட்டினத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் கழிவறைக்குப் போங்கள். அடுத்து லாக்கர். அடுத்து, பிள்ளைகளை நிறுத்தி, முழு உருவமும் செருப்பும் தெரிய ஒரு போட்டோ. தொலைந்துபோன குழந்தை என்ன நிறச் சட்டை போட்டிருந்தது என்று பதற்றத்தில் எந்தத் தாய்க்கும் நினைவுக்கு வராது. போட்டோவை நீட்டினால் போதும்.

போன் நம்பரைப் பிள்ளையின் முன்கையில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதி, மேலே நிறமில்லாத நகப்பூச்சை ஒரு கோட் தடவிவிடுங்கள். தண்ணீரில் இறங்கினாலும் நெடுநேரம் அழியாது. நம்பர் பிள்ளையோடு வந்திருக்கும் இரண்டு பெரியவர்களுடையதாக இருக்கட்டும். லாக்கருக்குள் கிடக்கும் போனின் நம்பரை எழுதிப் பயனில்லை.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது சின்ன வாக்கியம்: "அம்மா காணோம்னா நின்ன எடத்துலயே நில்லு. சத்தமாக் கூப்பிடு. ஆருமே வரலைன்னா யூனிபார்ம் போட்ட அண்ணாவையோ, கொழந்தையத் தூக்கி வெச்சிருக்கற அக்காவையோ கேளு." தேடி நடக்காதே என்பதுதான் இதில் முக்கியம். இருவரும் நகர்ந்துகொண்டே இருந்தால் கண்டுபிடிப்பது கஷ்டம். இதைக் காலையில் ஒருமுறை நடித்தே காட்டினோம். சின்னவனுக்கு அது அன்றைய முதல் விளையாட்டு.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை

நனையாத ராட்டினங்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் தங்கம். நீர் விளையாட்டுகள் இன்னும் திறந்திருக்காது, வெயிலும் ஏறியிருக்காது. குட்டிகள் பகுதிக்கு நேரே போங்கள்.

இங்கே பெற்றோர் செய்யும் தப்பு, கொடுத்த காசுக்கு எல்லாவற்றிலும் ஏற்றிவிட வேண்டும் என்று பட்டியல் போடுவது. நானும் செய்தேன். சின்னவனுக்குச் சுற்றி வரும் குட்டிக் கார் பிடித்துவிட்டது. இறங்கினான், "மறுக்கா" என்றான். இரண்டாவது முறை. மூன்றாவது முறை. நான் கையைப் பிடித்து அடுத்ததுக்கு இழுத்தேன். அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். வீட்டுக்காரர்தான் "அவனுக்குத்தானே வந்திருக்கோம், உடு" என்றார். ஆறு முறை சுற்றினான். ஒவ்வொரு சுற்றிலும் எங்களைக் கடக்கும்போது, புதிதாகப் பார்ப்பவன் போலக் கையசைத்தான். இப்போதும் வொண்டர்லா என்றால் அவனுக்கு அந்தச் சிவப்புக் கார்தான். ரோலர் கோஸ்டர் எதுவும் அவன் கதையில் வருவதில்லை.

பயப்படும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தி ஏற்றாதீர்கள். ஓடத் தொடங்கிய ராட்டினத்தை ஒரு குழந்தை அழுதது என்று உடனே நிறுத்த முடியாது. அந்த இரண்டு நிமிடம் அதற்கு வெகு நீளம். முதலில் ஒரு சுற்று வெளியே நின்று வேடிக்கை பார்க்கட்டும். இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரைதான் சுற்றினால் தலைசுற்றி வாந்தி வருவது அதிகம். காரில் வரும்போதே வாந்தி எடுத்த பிள்ளையா? சுழலும் வகையை ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரியவர்களுக்கும் ஆசை இருக்கும், அதில் தப்பில்லை. ஒருவர் பிள்ளைகளோடு இருக்க, மற்றவர் தனியாக ஓடி ஒன்றில் ஏறிவிட்டு வரலாம். ஆளுக்கு இரண்டு என்று காலையிலேயே பேசிக்கொண்டால் மாலையில் சண்டை வராது.

சாப்பாடும் தூக்கமும்

சரியாகப் பன்னிரண்டுக்குச் சாப்பிட உட்காருங்கள். ஒரு மணிக்கு அந்த மேசைகளில் இடம் தேட வேண்டும். வெளிச்சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். கைக்குழந்தைக்கான உணவு மட்டும் விதிவிலக்கு. புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டி வந்தவர்கள் அதைக் காரில் வைத்துவிட்டு மாலையில் சாப்பிட வேண்டியதுதான், கெடாமல் இருந்தால். காலையில் அறையிலேயே புட்டு, ஆப்பம் என்று வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் மதியம் தயிர்சாதமோ சப்பாத்தியோ போதும். காரமும் எண்ணெயும் இன்றைக்கு வேண்டாம்.

தண்ணீரைத் தாகம் எடுத்த பிறகு கொடுப்பது சின்னவர்களுக்குப் பற்றாது. விளையாட்டில் அவர்களுக்குத் தாகமே தெரியாது. ஒவ்வொரு ராட்டினம் இறங்கியதும் நான்கு மடக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று முதல் இரண்டரை வரை நிழல் பார்த்துத் தள்ளுவண்டியைச் சாய்த்துப் போட்டுவிடுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் தூங்கியே ஆக வேண்டும் என்பது என் கட்சி. டிக்கெட் எடுத்துவிட்டுத் தூங்க வைக்கிறார்களே என்று பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மூன்றரை மணிக்கு அவர்கள் பிள்ளை வரிசையில் படுத்துப் புரண்டதை நாங்களும் பார்த்தோம். தூங்காத மூத்த பிள்ளையை ஒருவர் அந்த நேரத்தில் கூட்டிப்போனால், அவளுக்குத் தனியாகக் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் அது. பெரியவள் அன்று அப்பாவோடு ஏறிய ராட்டினங்களைத் தம்பியிடம் ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர்

குட்டிகள் இருக்கும் குடும்பத்துக்குத் தண்ணீர் ஒரே ஒரு முறைதான். நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்தால் துணியும் தீரும், பொறுமையும் தீரும். இரண்டே முக்காலுக்கு மேல் இறங்குங்கள்: சுள்ளென்ற வெயில் தணியத் தொடங்கியிருக்கும். நாலேகாலுக்கெல்லாம் ஏறிவிடுங்கள். ஐந்து மணியளவில் நீர்ப்பகுதியை மூடும்போது மொத்தக் கூட்டமும் உடை மாற்றும் அறைக்கு வரும். அதற்குள் நீங்கள் தலை துவட்டி முடித்திருக்க வேண்டும்.

இறங்கும் முன் ஷவரில் நில்லுங்கள். நீச்சல் குளத்தில் கண் எரிவதற்குக் குளோரினை மட்டும் குறை சொல்கிறோம். வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் சேர்மம்தான் கண்ணைக் கரிப்பது. பிள்ளையைக் கழிவறைக்குக் கூட்டிப்போய்விட்டு இறக்குவது அதனாலும்தான்.

இந்த ஒரு பத்தியை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். சறுக்கில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இறங்காதீர்கள். பாசத்தில் எல்லோரும் செய்வதுதான். வேகமாக இறங்கும்போது குழந்தையின் பாதம் சறுக்கின் ஓரத்தில் உரசி நிற்கும். பின்னாலிருக்கும் நம் எடை நிற்காது. அந்த முறுக்கில் முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிகிறது. குழந்தை தனியாகச் சறுக்கினால் அதன் எடை குறைவு, கால் மாட்டினாலும் நின்றுவிடும். தனியாகச் சறுக்க முடியாத வயதா? அந்தச் சறுக்கு அதற்கு வேண்டாம். பிள்ளைகளுக்கான குட்டிச் சறுக்கு போதும்.

தண்ணீரில் மூழ்கும் குழந்தை சினிமாவில் வருவது போலக் கையைக் காலை அடித்துக் கத்துவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது சத்தம் எங்கிருந்து வரும்? முட்டியளவுத் தண்ணீரிலும் சத்தமே இல்லாமல் நடந்துவிடும். எனவே கை எட்டும் தூரம். அதற்கு மேல் ஒரு அடி கூட இல்லை. உயிர்காப்பாளர் நிற்கிறார் என்பது நமக்குக் கூடுதல் துணை, அவ்வளவுதான். இருவரும் பார்த்துக்கொள்கிறோம் என்றால் ஒருவரும் பார்க்கவில்லை என்று பொருள். "இப்ப நீ பார்த்துக்கோ" என்று வாய்விட்டுச் சொல்லிக் கைமாற்றுங்கள். பார்ப்பவர் கையில் போன் இருக்கக்கூடாது.

அலைக்குளத்தில் அலை விட்டு விட்டு வரும். வரும் முன் அறிவிப்பு கேட்கும். குட்டிகளோடு கரை போலச் சரிந்திருக்கும் விளிம்பிலேயே உட்காருங்கள். அம்மா அங்கே உட்கார்ந்தார், கணுக்கால் நனைய. முதல் அலை வந்து மடிவரை ஏறியதும் "அய்யோ சாமீ" என்று பேத்தியைக் கட்டிக்கொண்டார். நான்காவது அலையில் பேத்தி எழுந்து போன பிறகும் அவர் எழவில்லை. "கொஞ்சம் இருங்கண்ணு, இன்னொன்னு வருட்டு" என்றார். அன்று எங்கள் வீட்டில் அதிக நேரம் தண்ணீரில் இருந்தவர் அவர்தான், அந்தத் தொளதொள நைலான் குர்தாவில்.

உதடு நீலமானால், பல் தந்தியடித்தால், பிள்ளை "இன்னும்" என்று கெஞ்சினாலும் தூக்கிவிடுங்கள். சின்ன உடம்பு சீக்கிரம் குளிர்ந்துவிடும். அரை மணி நேரம் தண்ணீர், பத்து நிமிடம் துண்டு என்று மாற்றி மாற்றி விட்டால் அந்த நிலை வராது.

மாலை

காய்ந்த துணி போட்டு, தலை துவட்டி, சூடாக எதையாவது வயிற்றுக்குக் கொடுத்த பிறகு அரை மணி நேரம்தான் மிச்சம் இருக்கும். புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். காலையில் பிடித்ததில் ஒன்றைத் திரும்பக் கொடுங்கள். சிவப்புக் கார் இன்னும் இரண்டு முறை சுற்றியது.

பொம்மைக் கடை வெளியேறும் வழியில்தான் இருக்கும். எல்லாப் பார்க்கிலும் அப்படித்தான் வைப்பார்கள். "ஆளுக்கு ஒன்று, இருநூறு ரூபாய்க்குள்" என்று காலையிலேயே பேசி வைத்தவர்கள் தப்பிப்பார்கள்.

அன்றிரவே ஊர் திரும்பாமல் இன்னும் ஒரு ராத்திரி தங்க முடிந்தால், மறுநாளைக் கொச்சி வாட்டர் மெட்ரோவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய மின்சாரப் படகு; ஹைகோர்ட் படகுத்துறையிலிருந்து வைப்பின் தீவு வரை போய்த் திரும்பலாம். சத்தமில்லை, குலுக்கலில்லை, டிக்கெட்டும் சில பத்து ரூபாய்தான். ஒரு நாள் முழுக்கச் சுற்றிய உடம்புக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பது சுகமாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நைலான் துணிகளை உடனே நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடுங்கள். குளோரின் தங்கினால் எலாஸ்டிக் தளர்ந்து, சாயமும் வெளுத்துவிடும். பிள்ளைகளுக்கு வாங்கும்போதே ஓர் அளவு பெரிதாக வாங்குவது மேல். போன வாரம் கதவு நிலையில் புதுக்கோடு போட்டோம்: பெரியவள் 115. அவளுடைய துணி தம்பிக்கு வந்துவிட்டது.